பெண் மக்களும் கோடை முகாமும்

(திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை வருகிறது. இந்தச் செங்கம் ரோட்டில் நடந்து வரும்போதே பார்த்தோம். சுவரெல்லாம் முகாம் விளம்பரம். ஐந்து நாள் முகாம், பத்து நாள் முகாம், யோக முகாம், ஆளுமை வளர்ச்சி முகாம், மலையேற்ற முகாம், ஆங்கிலம் பேசும் முகாம் என்று எத்தனையோ. சுவரில் இடமில்லாதது உங்கள் செல்போனில் வந்து விழுகிறது. எல்லாவற்றிலும் "தங்கும் வசதி உண்டு" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று நாம் பேச வந்திருக்கிறோம்.

இந்தக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தோழர்கள் சொன்னார்கள்: இந்தப் பகுதியில் ஏழெட்டுப் பெண் குழந்தைகள் முகாமுக்குப் போக ஆசைப்படுகிறார்கள், வீடுகளிலே சண்டை நடக்கிறது என்று. ஒரு தாயார் சொல்லுகிறாராம், "கிருஷ்ணகிரியில் நடந்தது மறந்துபோச்சா? பெட்டைப் பிள்ளையை ராத்திரி வேற்றிடத்தில் விட நான் என்ன பைத்தியமா?" என்று. இன்னொரு வீட்டில் தகப்பனார் சொல்லுகிறாராம், "நடத்துகிறவர் பெரிய மனுஷர். அவரிடம் போய் அதென்ன, இதென்ன என்று கேட்டால் நமக்குத்தான் மரியாதைக் குறைவு. பணத்தைக் கட்டி அனுப்பு" என்று. ஒருவர் எதையும் கேட்காமல் தடுக்கிறார். மற்றொருவர் எதையும் கேட்காமல் அனுப்புகிறார். இரண்டு பேரும் கேள்வி கேட்பதில்லை என்ற விஷயத்தில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள் என்பதே நம்முடைய அபிப்பிராயம்.

முதலாவது, பெண் ஒரு ராத்திரி வீட்டுக்கு வெளியே தங்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுவோம். இந்தக் கேள்வியை இந்த இடத்தில் கேட்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

1896ஆம் வருஷத்தில் மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அண்ணனுடைய காலேஜ் சம்பளம் கட்டும்படி கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறி, செப்டம்பர் முதல் தேதி இந்தத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். இது நாம் கட்டிச் சொல்லுகிற கதையல்ல. அவர் பெயரால் ஏற்பட்ட ஆசிரமத்தாரே அச்சுப்போட்டு விற்கிற சரித்திரம். அவருடைய தத்துவத்தைப் பற்றி விவகாரம் செய்ய இன்று நாம் வரவில்லை. அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். நாம் கேட்பதெல்லாம் இதுதான். அந்த மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு ரயிலேறியது பதினாறு வயதுப் பெண்ணாக இருந்திருந்தால், இன்று இந்த ரோட்டில் அவளுக்கு ஆசிரமம் இருக்குமா? முதல் ராத்திரியிலேயே அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்பது இங்கே இருக்கிற ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். ஆண் வீட்டைவிட்டுப் போனால் ஞானி. பெண் போனால் ஓடிப்போனவள். அவள் பாதி ராத்திரியில் திரும்பி வந்தாலும் கதவு திறந்திருக்காது.

ஆதலால் "பெட்டைப் பிள்ளை ராத்திரி வெளியே தங்கலாமா" என்ற கேள்வியில் பிள்ளையின் நன்மை பாதி இருந்தால், ஊர் வாய்க்குப் பயப்படுவது பாதி இருக்கிறது. அந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முகாம் என்பது வேண்டாத ஆடம்பரமல்ல. நம் வீடுகளில் ஆண் பிள்ளை பத்து வயதிலேயே மாமன் வீடு, கிரிக்கெட் பந்தயம், நண்பன் ஊர்த் திருவிழா என்று சுற்றி, ரயில் பார்க்கவும், வழி கேட்கவும், பசித்தால் தானே கடை தேடித் தின்னவும் கற்றுக்கொள்ளுகிறான். பெண் பிள்ளையோ, கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தாய் இல்லாத கூரையின் கீழ் படுக்கிறாள். அன்றைக்கு மாத்திரம் ஒருவருக்கும் பயமில்லை! முன்பின் தெரியாத வீடு, முன்பின் தெரியாத மனிதன். அங்கே எத்தனை கக்கூஸ் இருக்கிறது என்றுகூட எவரும் விசாரிப்பதில்லை. மேளம் கொட்டி அனுப்புகிறோம். ஐந்து நாள் முகாமுக்கோ ஆயிரம் ஆட்சேபணை!

1909ஆம் வருஷத்தில் லண்டனில் பேடன் பவல் என்பவர் தாம் ஏற்படுத்திய சாரணச் சிறுவர்களை யெல்லாம் பளிங்கு மாளிகையில் கூட்டினார். பல்லாயிரம் பையன்கள் வந்தார்கள். அழைப்பே இல்லாமல் சில பெண் பிள்ளைகளும் தாங்களே சாரண உடை தைத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "நாங்களும் சாரணர்கள்தான்" என்றார்கள். அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் மறுவருஷம் பெண்கள் சாரணர் இயக்கம் பிறந்தது. 1911லேயே அது ஜபல்பூர் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. அந்தப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். உங்கள் வீட்டுப் பெண் "நானும் போகிறேன்" என்று கேட்பதும் அந்தக் கேள்விதான்.

நிற்க. இனிக் கிருஷ்ணகிரிக்கு வருவோம். அதை மறைத்துவிட்டு "அனுப்புங்கள், அனுப்புங்கள்" என்று பிரசாரம் செய்வது யோக்கியமாகாது. நமக்கு அடுத்த ஜில்லாவில், பர்கூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில், 2024 ஆகஸ்ட் 5ந் தேதி முதல் 9ந் தேதி வரை என்.சி.சி. முகாம் என்று சொல்லி ஒரு முகாம் நடந்தது. பதினேழு பெண் பிள்ளைகள் பள்ளியின் கூடத்தில் இரவில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களோடு தங்க ஓர் ஆசிரியை இல்லை. எட்டாந்தேதி விடியுமுன் ஒரு சிறுமியைக் கூடத்திலிருந்து வெளியே அழைத்துப்போய்ப் பயிற்சியாளன் கெடுத்தான் என்பது வழக்கு. அந்தக் குழந்தை பள்ளியில் சொன்னபோது, வெளியே சொல்ல வேண்டாம் என்று அடக்கினார்கள் என்பது அந்த வழக்கின் இன்னொரு பகுதி. பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போய், பெற்றோர் விசாரித்து, அதன் பின்புதான் புகார் போயிற்று. மற்றப் பெண் குழந்தைகளும் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளைச் சொன்னார்கள். பள்ளி நிர்வாகத்தார் உட்படப் பலர் கைதானார்கள். முதல் எதிரியாகச் சேர்க்கப்பட்டவன் எலிமருந்து தின்று ஆகஸ்ட் 23ந் தேதி ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். சர்க்கார் ஐ.ஜி. பவானீஸ்வரி அவர்கள் தலைமையில் தனிப் புலனாய்வுக் குழுவும், சமூகநலத் துறைச் செயலாளர் ஜெயஸ்ரீ முரளிதரன் அவர்கள் தலைமையில் மற்றொரு குழுவும் அமைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. என்.சி.சி. என்பது 1948ஆம் வருஷச் சட்டத்தினால் ஏற்பட்ட சர்க்கார் படை. அதில் பெண்கள் பிரிவும் 1949ஆம் வருஷத்திலேயே வந்துவிட்டது. அதற்கு ராணுவ அதிகாரிகள் உண்டு, பட்டாலியன் ஆபீஸ் உண்டு, எழுத்து மூலமான உத்தரவு உண்டு. அந்த முகாமுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்.சி.சி. அதிகாரிகள் பிற்பாடு சொன்னார்கள். அந்தப் பள்ளியில் என்.சி.சி.யே கிடையாது. அப்படியானால் முகாம் எப்படி நடந்தது? ஒருவன் காக்கி உடை போட்டுக்கொண்டு வந்தான், "நான் என்.சி.சி." என்றான், நம்பிவிட்டார்கள்! ஒரு டெலிபோன் செய்து விசாரித்திருந்தால் அரை நிமிஷத்தில் வெளியாகியிருக்கும் பித்தலாட்டம் அது.

தோழர்களே, இது நமக்குப் புதிதா? கிரிவலப் பாதை பதினாலு கிலோ மீட்டரிலும் காவித்துணியைக் கட்டிக்கொண்டு எவன் உட்கார்ந்தாலும் "எந்த ஊர், என்ன பெயர், நேற்று வரையில் என்ன தொழில்" என்று கேட்காமல் காலில் விழுகிற ஜனங்கள்தானே நாம்? காவியைக் கண்டு கேளாமல் விழுந்து பழகிய புத்தி, காக்கியைக் கண்டாலும் கேளாமல்தான் விழும். பட்டம், பதக்கம், ஆங்கிலப் பேச்சு, மந்திரியோடு எடுத்த போட்டோ எதைக் கண்டாலும் விழும். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நாம் இன்று குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உங்கள் குழந்தையை ஒப்படைக்கிற இடத்திலாவது உடையைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்ளுகிறோம்.

இதைக் கேட்டு முதலில் சொன்ன தாயார், "அதனால்தானே அனுப்ப மாட்டேன் என்கிறேன்" என்பார். அவருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்கா தேசத்தில் ஆண் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட சாரணர் சங்கம் ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. முகாம்களில் பிள்ளைகளைக் கெடுத்த பொறுப்பாளர்களின் பெயர்களை அந்தச் சங்கம் எழுதி, வெளியிலே சொல்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தது. 2012ல் கோர்ட் உத்தரவினால் அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகள் வெளிவந்தன. 2020ல் சங்கம் திவால் மனுப் போட்டது. அதன்மேல் எண்பதினாயிரத்துக்கு அதிகமான பேர் "எங்களைக் கெடுத்தார்கள்" என்று மனுக் கொடுத்தார்கள். எண்பதினாயிரம் பேர், தோழர்களே! அநேகமாக அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள். இதைக் கேட்டு உங்களில் யாராவது ஆண் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைக்கப் போகிறீர்களா? இல்லை. முகாம் நடத்துகிறவனை ஒழுங்கு செய் என்றுதான் சொல்லுவீர்கள். பெண் பிள்ளை விஷயத்தில் மாத்திரம் ஏன் குற்றம் செய்கிறவனை விட்டுவிட்டு, குற்றத்துக்கு ஆளாகிறவளைப் பூட்ட வேண்டும்?

மேலும், பூட்டிய வீட்டில் ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷாவருஷம் வெளியிடுகிற கணக்கைப் பாருங்கள். குழந்தைகளைக் கெடுத்த வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எதிரிகள் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர்கள். உறவுக்காரன், அண்டை வீட்டுக்காரன், குடும்ப நண்பன், வேலை கொடுத்தவன். ஆதலால் ஜாக்கிரதை என்பது கதவைச் சாத்துவதில் இல்லை. விசாரிப்பதில்தான் இருக்கிறது.

சரி, என்ன விசாரிப்பது? முகாம் நடத்துகிறவரிடம் போய், "நல்லபடியாகப் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்கிறோம். "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று அவர் சொல்லுகிறார். நாம் திருப்தியோடு வந்துவிடுகிறோம். இது கேள்வியுமல்ல, அது பதிலுமல்ல. ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு மணி வரையில் என் மகள் எந்தக் கட்டடத்தில் எந்த அறையில் படுப்பாள், அதே அறையில் படுக்கிற பெண் பொறுப்பாளர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, பகலில் என்ன வேலை செய்கிறவர்கள் என்று கேட்க வேண்டும். ஒருத்தி போதாது, இரண்டு பேர் வேண்டும். ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அறை ஆளில்லாமல் போய்விடும். ஆண் பயிற்சியாளர்கள் எங்கே படுக்கிறார்கள்? பெண்கள் கூடத்துக்கு ராத்திரியில் யாருக்கு வர உரிமை உண்டு? எந்தப் பெரியவரும், ஆணாயினும் பெண்ணாயினும், ஒரு குழந்தையோடு தனியே அறையிலோ வண்டியிலோ இருக்கக்கூடாது என்று விதி உண்டா? அமெரிக்கச் சாரணர் சங்கம் அத்தனை குழந்தைகளைக் கெடக் கொடுத்து, கடைசியாகக் கற்றுக்கொண்ட விதி இதுதான். நாம் ஒருவரையும் கெடக் கொடுக்காமலே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளேயா, வெளியேயா என்றும் பாருங்கள். "பாதுகாப்பு" என்று சொல்லி வெளியே பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2004 ஜூலை 16ந் தேதி கும்பகோணத்தில் கீற்றுக்கூரை பிடித்தெரிந்து 94 பச்சைக் குழந்தைகள் வெந்தார்கள். வெளியே வர வழியில்லாத இடம் எவ்வளவு புண்ணியமான இடமானாலும் அதில் குழந்தையைப் படுக்க வைக்கக்கூடாது.

கக்கூஸைப் பற்றிக் கேட்பதற்கு நம்மவர்களுக்கு வெட்கம். நமக்கும் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் நம் மகளையே ஒரு முகாமுக்கு அனுப்பினோம். நடத்தியவர்கள் தெரிந்தவர்கள் என்பதனால் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லுகிற நாம் நம் வீட்டு விஷயத்தில் தாட்சண்யம் பார்த்தோம். நாற்பது பெண்களுக்கு இரண்டு கக்கூஸ். அதுவும் கட்டடத்தை விட்டுத் தள்ளி, வழியில் விளக்கில்லை. குழந்தை என்ன செய்தாள்? ராத்திரியில் எழுந்து போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நாலு நாள் சித்திரை வெயிலில் அப்படியிருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தாள். "ஏனம்மா சொல்லவில்லை?" என்றால், "அவங்க உங்க சிநேகிதங்கதானே அப்பா, தப்பா நினைச்சுக்குவாங்கன்னு இருந்துட்டேன்" என்றாள். நம்முடைய தாட்சண்யத்தை அவள் தன் உடம்பினால் சுமந்தாள். அன்றிலிருந்து எந்த முகாமுக்குப் போனாலும் நாம் முதலில் பார்ப்பது மேடையையல்ல, கக்கூஸையே!

அதோடு சேர்ந்ததுதான் மாதவிலக்கு. பெரும்பாலான வீடுகளில் பெண்ணை முகாமுக்கு அனுப்பாத நிஜக் காரணம் இதுதான். வெளியே வேறு காரணம் சொல்லுவார்கள். "அந்த நாள் வந்துவிட்டால்?" வந்துவிட்டால் என்ன? பையில் துணியோ நாப்கினோ இருந்தால் தீர்ந்தது. சர்க்காரே 2011 முதல் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுத்துவருகிறது. முகாம்காரரிடம், நாப்கின் கையிருப்பு இருக்கிறதா, போடுவதற்கு மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, அந்த நாளில் "தனியே உட்கார், பூஜை அறைப் பக்கம் வராதே, சமையற்கட்டில் நுழையாதே" என்று குழந்தையை அவமானப்படுத்துகிற வழக்கம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். உண்டு என்றால் அது முகாமல்ல, மூலையில் உட்காரவைக்கிற நம் பாட்டி வீடுதான். அதற்குப் பணம் கட்டவேண்டியதில்லை. இன்னும் வயதுக்கு வராத குழந்தையாயிருந்தால், தாயார் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். ஒன்றும் தெரியாத குழந்தை முகாமில் ரத்தத்தைக் கண்டு, செத்துப்போகப் போகிறோம் என்று ராத்திரி முழுவதும் அழுதால் அது முகாம்காரர் குற்றமல்ல.

சாப்பாட்டு விஷயம். சேரன்மாதேவிக் குருகுலத்தைப் பற்றி இந்த மேடைகளில் நாம் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். காங்கிரஸ் பணத்தில் நடந்த இடத்தில் பார்ப்பனப் பிள்ளைக்குத் தனிப் பந்தி, மற்றவருக்கு வேறு பந்தி என்று வைத்ததும், அதை ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் மகன் தன் தகப்பனாரிடம் சொன்னதும், அது தமிழ்நாட்டையே கலக்கியதும் உங்களுக்குத் தெரியும். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த அக்கிரமம் எப்படி வெளிவந்தது? தங்கிப் படித்த ஒரு பையன் வீட்டில் வந்து சொன்னான். தகப்பனார் "பெரியவர்கள் செய்தால் சரியாகத்தானிருக்கும்" என்று அவன் வாயை அடைக்காமல் காது கொடுத்துக் கேட்டார். உங்கள் மகள் திரும்பி வந்ததும் "நல்லா இருந்துச்சா?" என்று மாத்திரம் கேட்காமல், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எல்லோருக்கும் ஒரே பந்தியா, ஒரே குவளையா, எந்த ஊர், எந்தத் தெரு என்று தோண்டினார்களா என்று கேளுங்கள்.

அந்தக் குருகுலத்தை நடத்திய வ.வே.சு. அய்யரோடு நமக்குள்ள சண்டை ஊரறிந்தது. ஆனால் அவருடைய முடிவை நினைத்தால் எவருக்கும் மனம் கலங்கும். 1925 ஜூன் மாதத்தில் குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசம் மலையருவிக்குப் போன இடத்தில் அவருடைய மகள் சுபத்திரை வெள்ளத்தில் விழுந்துவிட்டாள். காப்பாற்றக் குதித்த அவரும் போய்விட்டார். எவ்வளவு படித்தவர், எத்தனை தேசம் பார்த்தவர்! அருவிக்குப் படிப்புத் தெரியாது. ஆகவே சாத்தனூர் அணை என்றாலும், ஜவ்வாது மலையில் பீமன்மடவு என்றாலும், ஏலகிரி என்றாலும், முகாம்காரர் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப் போகிறாரா, நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் கூட வருகிறார்கள், எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர் என்று கேளுங்கள். மலையேற்றம் என்றால் வனத்துறை அனுமதிச் சீட்டைக் கண்ணால் பாருங்கள். 2018 மார்ச் 11ந் தேதி தேனி குரங்கணி மலையில் முறையான அனுமதியில்லாமல் அழைத்துச் செல்லப்பட்ட கூட்டம் காட்டுத்தீயில் அகப்பட்டு இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெண்களும் வாலிபர்களும், உழைத்துச் சம்பாதித்து ஆசையோடு போனவர்கள். அவர்கள் போனது குற்றமல்ல. அழைத்துப்போனவர்களிடம் சீட்டைக் கேட்காததுதான் குறை.

இன்னொன்று, இந்தப் பக்கத்துக்கே உரியது. தரையில் பாய் விரித்துப் படுக்க வைக்கிற முகாம்களில் கட்டுவிரியன் ஆபத்து உண்டு. அது ராத்திரியில்தான் நடமாடும். கடித்தது தெரியாது, வலியும் பெரிதாயிராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பாள் குழந்தை. பிறகு கண் இமை தூக்க முடியாமல் சரியும். "கெட்ட காற்று, திருநீறு போடு, மந்திரி" என்று ஆரம்பித்தால் குழந்தை போய்விடும். கடித்த இடத்தை அறுப்பதும், வாய்வைத்து உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் எல்லாம் கேடு. அசையாமல் வைத்து 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்துள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் ஒன்றே. அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் செங்கற்பட்டு ஜில்லா வடநெம்மேலியில் சங்கம் வைத்திருக்கிற இருளர்கள். மந்திரவாதி அல்ல! கட்டிலோ கொசுவலையோ உண்டா, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிஷம், ராத்திரியில் வண்டி நிற்குமா என்று முகாம்காரரிடம் கேளுங்கள். உங்கள் குழந்தைக்கு வலிப்போ இழுப்போ இருந்தால் அதை மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். கல்யாணத்துக்கு வரன் வரும்போது தெரிந்துவிடுமே என்று மறைக்கிற பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம். வரன் வருவதற்குக் குழந்தை உயிரோடு இருக்க வேண்டாமா?

இவ்வளவும் முகாம்காரரிடம் கேட்பது. இனி மகளிடம் சொல்ல வேண்டியது. இதுதான் கஷ்டமானது.

நம் வீடுகளில் பெண்ணை வெளியே அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புகிறோம்? "ஜாக்கிரதையாயிரு. குடும்ப மானத்தைக் காப்பாற்று." இந்த ஒரு வார்த்தையைத்தான் அயோக்கியன் நம்பியிருக்கிறான். குழந்தையைக் கெடுத்துவிட்டு, "வெளியே சொன்னால் உன் அப்பா அம்மாவுக்குத்தான் மானக்கேடு" என்கிறான். அந்த வாசகம் அவன் கண்டுபிடித்ததல்ல. நாம் வாசற்படியில் நின்று சொல்லி அனுப்பியதையே அவன் திருப்பிச் சொல்லுகிறான். குழந்தையும் அப்பா சொன்னது சரிதான் என்று வாயை மூடிக்கொள்ளுகிறது.

ஆதலால் வேறுமாதிரி சொல்லி அனுப்புங்கள். "உன்னிடம் எவனாவது முறைகேடாக நடந்தால் அது அவனுக்கு மானக்கேடு, உனக்கல்ல, நமக்குமல்ல. பெரியவர் ஒருவர் 'இது நமக்குள் இரகசியம்' என்று சொன்னால் அதை முதலில் எங்களிடம் சொல்லு. நீ கீழ்ப்படியாமல் சத்தம் போட்டாலும், பாதியிலே திரும்பி வந்தாலும், கட்டிய பணம் போனாலும் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம்." இதைச் சொல்லுவதோடு நிற்காமல், அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் வேண்டும். போனை வாங்கி வைத்துக்கொள்ளுகிற முகாமானால், தினம் ஒரு தடவை குழந்தை தனியாகப் பேச வசதி கேளுங்கள். பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது குழந்தை எப்படிச் சொல்லும்? அதற்காக ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டிக்கு முட்டிவலி எப்படியிருக்கு?" என்று கேட்டால் உடனே வந்து அழைத்துப்போ என்று அர்த்தம். செலவில்லாத ஏற்பாடு.

ஒருவேளை கெட்டது நடந்துவிட்டால்? 2012ஆம் வருஷத்தில் போக்சோ சட்டம் வந்திருக்கிறது. குழந்தைக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்ட எவரும் போலீசுக்குச் சொல்லியே தீரவேண்டும். பள்ளியோ நிலையமோ நடத்துகிறவர், தமக்குக் கீழுள்ளவர் செய்ததை மறைத்தால் அவருக்கே ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு. நிர்வாகத்தில் உள்ளவனோ பணியாளனோ கெடுத்தால் தண்டனை கடுமையாகிறது; அது பள்ளிக்கூடத்துக்கும் மத ஸ்தாபனத்துக்கும் பொருந்தும். குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கே வந்து, கூடியவரை பெண் அதிகாரி, யூனிபாரம் இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் சோதிக்க வேண்டும். பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக்கூடாது. 1098 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம். அதைக் குழந்தைக்கும் மனப்பாடம் செய்துவையுங்கள். சஷ்டி கவசம் மனப்பாடம் செய்விக்கிற வீடுகளுக்கு நாலு இலக்கம் ஒரு பாரமா?

கடைசியாக ஒன்று. "நீங்கள் நடத்துகிற முகாமுக்கும் இந்தக் கேள்வியெல்லாம் உண்டா?" என்று முன்னால் இருக்கிற ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். உண்டு. கட்டாயம் உண்டு. வல்லத்தில் பெரியார் பிஞ்சுகளுக்குப் பழகு முகாம் நடக்கிறது. வேறு ஊர்களிலும் நம் தோழர்கள் நடத்துகிறார்கள். கறுப்புச் சட்டை போட்டவன் யோக்கியனாகத்தான் இருப்பான் என்று நீங்கள் நம்பினால், காவிக்கும் காக்கிக்கும் விழுந்தது போலக் கறுப்புக்கும் விழுந்தீர்கள் என்றுதான் அர்த்தம். எங்களிடம் கேட்கத் தயங்கினீர்களானால், இத்தனை வருஷமாக நாம் தொண்டை வற்றப் பேசியதெல்லாம் வீண்.

இந்த மே மாதம் முகாம் நடத்தப்போகிற தோழர்கள் இருவரும், ராத்திரியில் பெண்களோடு தங்கப்போகிற தோழியர் மூவரும் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டடத்தின் படமும் கொண்டுவந்திருக்கிறார்கள். கக்கூஸ் எங்கே இருக்கிறதென்று அதில் போட்டிருக்கிறது. போக ஆசைப்படுகிற பெண் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். அவர்களையும் கேட்க விடுங்கள். நாம் உட்காருகிறோம். அவர்கள் எழுந்து நிற்பார்கள். கேளுங்கள்.